இண்டைக்கு ஆற்ற பாடு?

கொன்ஸ்ரன்ரைனைப் பற்றி மன்னார்க் கரையோரத்து வங்காலையில் யாரைக் கேட்டாலும் முதலில் அவருடைய படிப்பைத்தான் சொல்வார்கள். லண்டன் பட்டம், கொழும்பில் விரிவுரையாளர் கதிரை, அரசாங்கத்தில் விசேட உத்தியோகம், தடித்த மட்டை போட்ட புத்தகம் ஒன்று. எல்லாம் உண்மைதான், ஒன்றும் கூட்டிச் சொல்லவில்லை. ஆனால் அவரைப் படிப்பித்தது எந்த வாத்தியாரும் இல்லை, பயம்தான் படிப்பித்தது. கடற்கரையில் பிறந்த மனிதர், கடலுக்குப் பயம். எட்டு வயதில் யாழ்ப்பாணத்து விடுதிப் பள்ளிக்கு அனுப்பினார்கள், அங்கே கத்தோலிக்கச் சுவாமிமாரின் பிரம்புக்குப் பயம். பிரம்புக்குப் பயந்து பாடமாக்கினார், பாடமாக்கியதால் வகுப்பில் முதலாம் பிள்ளையாக வந்தார், வந்த பிறகு இரண்டாம் பிள்ளையாகிவிடுவேனோ என்று அதற்கும் பயந்தார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இந்த மனிதருக்குப் பட்டப்பகலிலும் பேய் தெரிந்தது.

இருபத்தொரு வயதில் அரசாங்கக் கந்தோர் ஒன்றில் கிளாக்கர் வேலை கிடைத்தது. அது 1921ஆம் ஆண்டு. அங்கே பயப்படுவதற்கு, அந்தப் பகுதியை ஆண்ட வெள்ளைக்கார ஏஜெண்டு துரை இருந்தார். துரை ஒருபோதும் சத்தம் போட்டதில்லை. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு ஆளை ஒருதரம் பார்ப்பார், அவ்வளவுதான். அந்தப் பார்வைக்குக் கொன்ஸ்ரன்ரைன் செய்யாத பிழைக்கும் மன்னிப்புக் கேட்பார்.

அந்த வருடம் துரைக்கு ஒரு யோசனை வந்தது. கரையோரத்துக் கரைவலைப் பாடுகள் எல்லாவற்றையும் ஒரு பதிவேட்டில் எழுத வேண்டும், எந்தப் பாடு யாருக்குச் சொந்தம் என்று அரசாங்கத்துக்குத் தெரிய வேண்டும். கரைவலையை வள்ளத்தில் கொண்டுபோய்க் கடலில் வளைத்துவிட்டு, இரண்டு தலைக்கயிற்றையும் கரையில் நின்று இருபது முப்பது பேர் இழுப்பார்கள். கண்ட இடத்தில் அதை வளைக்க முடியாது. அடியில் கல் இருக்கக்கூடாது, நீரோட்டம் தோதாக இருக்க வேண்டும். அப்படித் தோதான இடத்துக்குத்தான் பாடு என்று பெயர். கொன்ஸ்ரன்ரைன் மூன்று மாதம் கரையெல்லாம் அலைந்து எழுதினார். கடைசியாகச் சிப்பிமுனை மட்டும் மிச்சம் இருந்தது. வங்காலைக்கும் கொண்டச்சிக்கும் நடுவிலுள்ள வெறும் மணல்முனை அது. ஐந்து பாடு, குடியிருப்புக் கிடையாது. பதிவேடு சனிக்கிழமை காலை துரையின் மேசைக்குப் போக வேண்டும். சிப்பிமுனைப் பக்கம் வெறுமையாகக் கிடக்கிறது என்று இவருக்கு உறைத்தது வியாழன் பின்னேரம்.

மறுநாள் பெரிய வெள்ளிக்கிழமை. கந்தோர் பூட்டு. வங்காலை முழுக்க உபவாசம், கோயில் மணி கூட அடிக்காது, மரக்கட்டையைத்தான் தட்டுவார்கள். அந்த நாளில் ஒரு கத்தோலிக்கப் பிள்ளை துரைமார் போடுகிற சோலாத் தொப்பியைப் போட்டுக்கொண்டு, பதிவேட்டைக் கரியரில் கட்டி, சைக்கிளில் புறப்பட்டால் தாய் என்ன சொல்லுவாள்?

“கர்த்தர் பாடுபட்ட நாளிலயும் உனக்குக் கந்தோரோ?” என்று கேட்டாள் அவருடைய தாய்.

“துரை கேப்பார் அம்மா” என்றார்.

சிப்பிமுனையில் ஐந்து பாடுகளிலும் ஐந்து வலை வளைத்திருந்தது. இழுத்தவர்கள் எல்லாரும் கொண்டச்சி முஸ்லிம்கள். எங்கட ஆட்கள் பெரிய வெள்ளியில் வலை தொடமாட்டார்கள்தானே, அவர்களுடைய பாடு வேறெங்கோ இருக்கும், இங்கே நிற்பவர்களுடையது இங்கே என்று கிளாக்கரின் மூளை கணக்குப் போட்டது. முதலாவது பாட்டில் நின்ற சம்மாட்டிக்கு, அதாவது வலைக்குச் சொந்தக்காரருக்கு, முஹைதீன் என்று பெயர். நாற்பது வயது மதிக்கலாம், அகன்ற மார்பு, இடுப்பில் பட்டைவார்.

“இது ஆற்ற பாடு?” என்று கேட்டார் கொன்ஸ்ரன்ரைன், யாருடைய பாடு என்று.

முஹைதீன் கயிற்றைப் பக்கத்து ஆளிடம் கொடுத்துவிட்டு இவரைப் பார்த்தார். தொப்பியைப் பார்த்தார், பதிவேட்டைப் பார்த்தார். எதையோ சொல்ல வாயைத் திறந்து மூடினார். பிறகு, “என்ட பாடுதான் ஐயா” என்றார்.

மற்ற நாலு பேரும் அப்படியே சொன்னார்கள். ஐந்து பேருடைய பெயரும் ‘உரிமையாளர்’ என்ற நிரலில் ஏறியது, ஐந்து பெருவிரல் அடையாளமும் விழுந்தது. அரை மணித்தியாலத்தில் வேலை முடிந்தது. மூன்று மணிக்குக் கோயிலில் கர்த்தருடைய பாடுகளின் வாசகம் வாசிக்கும்போது கொன்ஸ்ரன்ரைன் வேர்த்து விறுவிறுத்து வந்து பின்வரிசை வாங்கில் முழங்காலிட்டார். நல்லவேளை தப்பினேன் என்று கர்த்தருக்கு நன்றியும் சொன்னார்.

ஏஜெண்டு துரைக்கு அந்தப் பதிவேட்டில் மிகவும் பிடித்த பக்கம் சிப்பிமுனைப் பக்கம். மற்றக் கரைகளில் எல்லாம் பங்கு, உபபங்கு, கோயில் பங்கு, பேரன் பங்கு என்று ஒரே சிக்கல். இங்கே மட்டும் ஐந்து பாடு, ஐந்து உரிமையாளர், கண்ணாடி போலத் தெளிவு. எளிய மீனவரிடத்திலும் தனியுரிமை தானாக வளர்ந்திருக்கிறது பார் என்று துரை மேலிடத்துக்கு எழுதினார். எழுதிய கிளாக்கரின் பெயரையும் சேர்த்தே எழுதினார். ஏழாம் மாதம் கொன்ஸ்ரன்ரைனுக்குக் கொழும்புக்கு மாற்றம் வந்தது, படிக்க உதவியும் வந்தது.

பிழை தெரியவந்தது மூன்று வருடம் கழித்து. அப்போது அவர் கல்யாணம் முடித்திருந்தார். பெண் வங்காலையாள், செலீனா. செலீனாவின் தமையன் யாகப்பர் ஒரு வலைக்குச் சம்மாட்டி, மனதில் ஒன்றும் ஒளிக்கத் தெரியாத மனுசன். பெரிய வியாழன் மத்தியானம் மாமியார் வீட்டில் சாப்பிட இருந்தார்கள். யாகப்பர் கை கழுவிக்கொண்டே, “இனி மூண்டு நாளைக்குச் சிப்பிமுனை முழுக்கக் கொண்டச்சியாரின்ர பாடு. நாங்கள் ஆறுதலாப் பூசை காணலாம்” என்றார்.

“அது எப்பவும் அவையின்ர பாடுதானே மச்சான்?” என்றார் கொன்ஸ்ரன்ரைன்.

யாகப்பர் சிரித்தார். “படிச்ச மாப்பிள்ளை எண்டுறது சரியாத்தான் இருக்கு. சிப்பிமுனை ஆற்றயும் சொத்தில்லை மச்சான். எங்கட வலை அஞ்சு, அவையின்ர வலை அஞ்சு. ஒருநாள் நாங்கள், ஒருநாள் அவை. பெரிய கிழமையில மூண்டு நாளும் அவைக்கு விட்டிடுவம். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மூண்டு நாளும் எங்களுக்கு விட்டிடுவினம். அப்பு காலத்து ஒழுங்கு.”

“அப்ப, ‘ஆற்ற பாடு’ எண்டு கேட்டா?”

“இண்டைக்கு ஆர் வலை வளைக்கிறது எண்டு அர்த்தம். வேற என்ன? கரையில நடக்கத் தொடங்கின பிள்ளைக்கும் தெரியும்.”

கொன்ஸ்ரன்ரைனின் கையில் இருந்த சோறு கையிலேயே நின்றது. ஒருநாள் முறையை அவர் ஆயுட்கால உரிமையாக எழுதிவைத்திருக்கிறார். அதுவும் தன் ஊரார் தொடர்ந்து மூன்று நாள் ஒதுங்கி நிற்கும் நேரம் பார்த்துப் போய் எழுதிவைத்திருக்கிறார். எட்டு வயதில் ஊரை விட்டுப்போன பிள்ளை, கரையின் சொல்லைக் கந்தோரின் காதால் கேட்டுவிட்டார். “என்ன, உறைப்போ?” என்று செலீனா தண்ணீர்ச் செம்பை நகர்த்தினாள். ஓம் என்று தலையாட்டினார்.

உடனே போய்ச் சொல்லியிருக்கலாம். யாரிடம் சொல்வது? கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைக்கும் துரையிடமா? அலுமாரிக்குள் கிடக்கும் கடதாசி யாரைக் கடிக்கப்போகிறது என்று தன்னைத் தேற்றிக்கொண்டு கொழும்புக்கு ரயில் ஏறினார். ஆனால் அந்தக் கடதாசி அலுமாரிக்குள் கிடக்கவில்லை, அவருக்கு முன்னாலேயே லண்டனுக்குக் கப்பல் ஏறியிருந்தது. பட்டம் எடுத்து, பொது நிர்வாகம் படிக்க லண்டனுக்குப் போனார். அரசாங்கம் எப்படி நடக்கிறது, கந்தோர்கள் எப்படி நடக்க வேண்டும் என்று ஆராயும் படிப்பு அது. அங்கே பேராசிரியர் முதல் நாளே கை கொடுத்து, “சிப்பிமுனைப் பதிவைச் செய்தவர் நீங்கள்தானா? அதையே ஆராய்ச்சியாக எழுதுங்கள்” என்றார். இல்லை, அது பிழை என்று சொல்ல நாக்கு எழும்பவில்லை. எழுதினார். ஆராய்ச்சிக்குப் பட்டம் கிடைத்தது, பட்டத்துக்குக் கொழும்பில் கதிரை கிடைத்தது, ஆராய்ச்சி அச்சேறிப் புத்தகமானது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்றால் இதுதான். ஒவ்வொரு வருடமும் பூசணிக்காய் பருத்துக்கொண்டே போனது, சோறும் கூடக் கூடத் தேவைப்பட்டது.

வெளியில் பார்த்தவர்களுக்கு அவர் பெரிய மனிதர். கறுப்புக் கோட்டும் கழுத்தில் ரையும், அளந்த பேச்சு. உள்ளே என்ன நடந்தது என்று செலீனாவுக்குக் கூடத் தெரியாது. தபால்காரன் மணி அடித்தால் நெஞ்சு திடுக்கிடும். யாராவது “உங்கள் புத்தகத்தில் ஒரு இடம்…” என்று தொடங்கினால் காது அடைக்கும். மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம். இவர் அந்தக் கனத்தை மடியில் கட்டிக்கொண்டு பன்னிரண்டு வருடம் நடந்தார்.

1936இல் கனம் மடியை அறுத்துக்கொண்டு விழுந்தது. கரையோர மீன்பிடிக்குச் சட்டம் செய்ய அரசாங்கம் தீர்மானித்தது. சட்டத்துக்கு ஏற்ற ஆளாக யாரைப் பிடிப்பது? புத்தகம் எழுதியவரைத்தான். கொன்ஸ்ரன்ரைனை விசேட உத்தியோகத்தராகக் கூப்பிட்டார்கள். வேலை ஒழுங்காக முடிந்தால் உதவிச் செயலாளர் பதவி நிரந்தரம் என்று சொன்னார்கள். மன்னார்க் கரையில் பிறந்த ஒருவனுக்கு அந்தக் கதிரை அதுவரை கிடைத்ததில்லை. சட்டத்தின் வரைவு அச்சாகி வந்தது. கடைசிப் பக்கத்து அட்டவணையில் சிப்பிமுனை, ஐந்து பாடு, முஹைதீன் முதலான ஐந்து பெயர். சட்டம் நிறைவேறினால் அந்த ஐந்து பேரையும் அவர்களுடைய வாரிசுகளையும் தவிர வேறு யார் வலை வளைத்தாலும் மறியல், அதாவது சிறை.

இரண்டு கிழமையில் யாகப்பரின் கடிதம் வந்தது. “மச்சானுக்கு எழுதுவது. கந்தோர்ச் சுவரில் ஒட்டியிருக்கிற கடதாசியில் எங்கள் ஒருவருடைய பெயரும் இல்லை. ஐந்து வலையையும் நம்பி நூறு பேர் இருக்கிறோம். இதை ஆர் எழுதினது என்று எங்களுக்குத் தெரியாது. நீங்கள் பெரிய இடத்தில் இருக்கிறீர்கள், பார்த்துச் செய்வீர்கள் என்று ஊர் நம்பி இருக்குது.”

செலீனா அதை வாசித்துவிட்டு, “அண்ணைக்கு ஒரு மறுமொழி போடுங்கோ, பாவம் பயந்து போனார்” என்றாள்.

பயந்து போனது யார்! கொன்ஸ்ரன்ரைன் கடிதத்தை நாலாக மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்தார். உண்மையைச் சொன்னால் புத்தகம் பொய், பட்டம் பொய், கதிரை போகும். சொல்லாவிட்டால் மைத்துனருடைய கடல் போகும். மூன்றாவதாக ஒன்றும் இருந்தது, அதுதான் எல்லாவற்றிலும் கொடியது. இப்போது போய் அட்டவணையை மாற்றினால் உலகம் என்ன சொல்லும்? வங்காலைக் கத்தோலிக்கன் ஒருவன் அதிகாரம் கையில் வந்ததும் முஸ்லிம்களுடைய பாட்டைப் பறித்துத் தன் மைத்துனனுக்குக் கொடுத்துவிட்டான் என்று சொல்லும். அவருக்கே அதைக் கேட்டால் அப்படித்தான் தோன்றும்.

அந்த வாரம் விரிவுரையில் ஒரு மாணவன் கை உயர்த்தினான். புத்தளத்துப் பையன், றஊப் என்று பெயர், எதையும் பின்னிணைப்பு வரை வாசிக்கிறவன். “சேர், சிப்பிமுனைப் பதிவு எடுத்த திகதி பங்குனி இருபத்தைந்து என்று போட்டிருக்கு. பஞ்சாங்கத்தில் பார்த்தேன், அது பெரிய வெள்ளிக்கிழமை. அரசாங்க விடுமுறையில் பதிவு எடுப்பது வழக்கமோ?”

கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்த சோக்கட்டி கொன்ஸ்ரன்ரைனின் விரலுக்குள் முறிந்தது. “பாடத்துக்குச் சம்பந்தமில்லாத கேள்வி” என்றார். அதுவரை ஒரு மாணவனிடமும் அப்படிக் கடுமையாகப் பேசியதில்லை. பையன் மன்னிப்புக் கேட்டு உட்கார்ந்துவிட்டான். ஆனால் அறைக்குத் திரும்பியதும் அந்தக் கேள்வியிலிருந்தே அவருக்கு ஒரு வழி தெரிந்தது. பயந்தவனுக்குத் தந்திரம் மட்டும் குறைவதில்லை.

சட்டம் முடிவாகுமுன் அந்தந்தக் கரையிலேயே ஒரு விசாரணை நடத்த வேண்டும். அட்டவணையில் உள்ளவர்களைக் கூப்பிட்டு, ‘இது உம்முடைய பாடா?’ என்று கேட்க வேண்டும். ஓம் என்றால் பெயர் நிற்கும், இல்லை என்றால் வெட்டிவிட்டு, உரிமை கோருகிறவனின் பெயரைப் போடலாம். திகதியைக் குறிப்பது விசேட உத்தியோகத்தரின் வேலை. பிழையைச் செய்தது ஒரு திகதி என்றால் இன்னொரு திகதி அதைத் திருத்தாதா? அடுத்த வருடம் மாசி மாதத்தில் ஹஜ்ஜுப் பெருநாள் வந்தது. அதற்கு மறுநாளைக் குறித்தார். அன்றைக்குப் போய்க் கேட்டால் கொண்டச்சியார் ‘எங்கட பாடில்லை’ என்பார்கள், உடனே யாராவது ஒருவர் முறை ஒழுங்கை விளக்கிச் சொல்லுவார், உண்மை வேறொருவர் வாயிலிருந்து வரும், தன் வாய் திறக்கத் தேவையில்லை. இப்படித்தான் அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடும் என்பது பூனையின் கணக்கு.

விசாரணைக்குச் சிப்பிமுனை மணலில் ஓலைக் கொட்டில் போட்டிருந்தார்கள். நடுவில் மேசை. மேசைக்குப் பின்னால் கொழும்பிலிருந்து வந்த சட்ட அதிகாரி வில்மட் துரை, ஒருபக்கம் மொழிபெயர்க்கிற முதலியார், மறுபக்கம் கொன்ஸ்ரன்ரைன். துரையின் கைக்கருகில் அந்தத் தடித்த மட்டைப் புத்தகம் கிடந்தது. கொட்டிலுக்கு வெளியே இருபதடியில் யாகப்பருடைய வலை கடலில் கிடந்தது, ஆட்கள் கயிற்றைப் பிடித்திருந்தார்கள். அன்றைக்கு வங்காலையார் முறை.

கொண்டச்சியார் பெருநாள் உடுப்போடு வந்திருந்தார்கள். முஹைதீனுக்குத் தாடி வெளுத்திருந்தது, ஆனால் மார்பு அதே மார்பு. வாழையிலையில் சுற்றிய தொதல் பலகாரத்தை மேசையில் வைத்து, “பெருநாள் சாமான், ஐயாமாருக்கு” என்றார். கொன்ஸ்ரன்ரைனை அடையாளம் கண்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

முதலியார் எழுந்து அச்சடித்த கேள்வியை வாசித்தார். “முதலாம் இலக்கம். இது உம்முடைய பாடா?”

முஹைதீன் கடலைப் பார்த்தார், யாகப்பரின் வலையைப் பார்த்தார். “இண்டைக்கு இல்ல ஐயா.”

“இல்லை என்கிறார்” என்று முதலியார் ஆங்கிலத்தில் சொன்னார்.

வில்மட் துரைக்குப் புருவம் உயர்ந்தது. புத்தகத்தை ஒருதரம் பார்த்தார், பெயரை ஒரு கோட்டால் வெட்டினார். இரண்டாம் இலக்கம், “இண்டைக்கு இல்ல.” வெட்டு. மூன்று, நாலு, ஐந்து. ஒருவரும் மேலதிகமாக ஒரு சொல் சொல்லவில்லை. வெள்ளைக்காரத் துரைக்கு முன்னால், கேட்டதற்குப் பதில் சொன்னால் போதும் என்று நின்றார்கள். பிறகு வங்காலையாரைக் கூப்பிட்டார்கள்.

“இது உம்முடைய பாடா?”

“ஓம், இண்டைக்கு என்ர பாடு” என்றார் யாகப்பர். தன்னை வாழவைக்க மச்சான் என்னவோ செய்கிறார் என்று அவருக்குப் புரிந்திருக்க வேண்டும், முகம் மலர்ந்திருந்தது. முதலியார் ஓம் என்பதை மட்டும் மொழிபெயர்த்தார். யாகப்பருடைய பெயர் முதலாம் இலக்கத்தில் ஏறியது. மற்ற நாலு வங்காலையாரும் ஏறினார்கள்.

யாரும் எதையும் விளக்கிச் சொல்லவில்லை. சொல்லப்போவதும் இல்லை. கொன்ஸ்ரன்ரைனுக்கு அப்போதுதான் முழுவதும் விளங்கியது. எல்லாம் தப்பிப் பிழைத்துவிட்டது. மைத்துனருக்குக் கடல், தனக்குக் கதிரை. புத்தகத்தில் ஒரு திருத்தம் போட்டால் போதும், ‘உரிமை கைமாறியுள்ளது’ என்று. முதலாம் பிழை போலவே இரண்டாம் பிழையும் அச்சொட்டாக விழுந்திருக்கிறது, ஆள்கள்தான் மாறியிருக்கிறார்கள். வாயை மூடிக்கொண்டு இன்னும் அரை மணித்தியாலம் இருந்தால் போதும். பதின்மூன்று வருடப் பழக்கம், அதில் ஒரு கஷ்டமும் இல்லை.

அந்த நேரம் வெளியே, “ஆள் காணாது, ஒரு கை பிடியுங்கோ” என்று ஒரு சத்தம் கேட்டது. வலை கனத்து வந்துகொண்டிருந்தது. முஹைதீன் பெருநாள் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு போனார். யாகப்பருடைய கயிற்றில், யாகப்பருடைய ஆட்களுக்கு நடுவில் நின்று, ஏலேலோ போட்டு இழுக்கத் தொடங்கினார். அந்தக் கடல் அவரிடமிருந்து சற்று முன்தான் போய்விட்டது என்று அவருக்குத் தெரியாது. அவருக்குப் பின்னால் மற்ற நாலு பேரும் போனார்கள்.

கொன்ஸ்ரன்ரைன் எழுந்தார். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

“ஒரு சொல் விடுபட்டிருக்கிறது” என்றார் துரையிடம்.

“என்ன சொல்?”

“இன்றைக்கு. அவர்கள் ஒவ்வொருவரும் ‘இன்றைக்கு இல்லை’ என்றுதான் சொன்னார்கள். முதலியார் ‘இல்லை’யை மட்டும் தந்தார்.”

முதலியாருக்கு முகம் சிவந்தது. துரை பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி கேட்டார். “ஒரு சொல்லில் அவ்வளவு வித்தியாசமா?”

“அவர்கள் விட்டுக்கொடுத்தது ஒரு நாளை. நாங்கள் எழுதியது கடலை” என்றார். சொல்லத் தொடங்கியபின் நிறுத்த முடியவில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் முறையை, பெரிய கிழமையை, பெருநாளை எல்லாம் சொன்னார்.

“உங்கள் புத்தகம் வேறு விதமாகச் சொல்கிறதே?”

“புத்தகம் பிழை. பெரிய வெள்ளிக்கிழமையில் வந்து பதிவெடுத்த கிளாக்கர் நான்தான். பதின்மூன்று வருடமாக எனக்குத் தெரியும்.”

“இன்றைய திகதியைக் குறித்தது யார்?”

அதைக் கேட்கமாட்டார் என்று ஒரு சின்ன நம்பிக்கை இருந்தது. “அதுவும் நான்தான்” என்றார் கொன்ஸ்ரன்ரைன்.

வில்மட் துரை பேனாவுக்கு மூடி போட்டார். நீங்கள் எந்தப் பக்கத்து ஆள் என்று எனக்கு விளங்கவில்லை என்றார். பிறகு அட்டவணைத் தாளை எடுத்து முழுவதற்கும் குறுக்கே ஒரு கோடு கீறி, கொழும்பிலிருந்து கடிதம் வரும் என்று சொல்லிவிட்டுக் கார் நின்ற பக்கம் நடந்தார். முதலியார் கதிரைகளை அடுக்கச் சொல்லிவிட்டு அவருக்குப் பின்னால் ஓடினார். தொதல் மேசையிலேயே கிடந்தது.

கடிதம் சித்திரையில் வந்தது. உதவிச் செயலாளர் பதவி இல்லை, விரிவுரையாளர் ஒப்பந்தமும் புதுப்பிக்கப்படவில்லை, புத்தகத்தை நூலகத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். கொன்ஸ்ரன்ரைன் பெட்டி படுக்கையோடு ஊர் திரும்பி, சின்னப் பள்ளிக்கூடம் ஒன்றில் ஆங்கிலமும் கணக்கும் படிப்பித்தார். சிப்பிமுனைக்கு எந்தச் சட்டமும் வரவில்லை. ஒருநாள் அவர்கள், ஒருநாள் இவர்கள் என்று பழையபடி நடந்தது. இதெல்லாம் பிறகு வந்த கதை.

விசாரணை நடந்த அன்றைக்கு, கொட்டில் வெறிச்சோடிய பிறகு, யாகப்பர் வந்தார். நடந்தது முழுவதும் அதற்குள் கரைக்குத் தெரிந்துவிட்டது.

“அப்ப எங்களைப் பதினாறு வருசமா வெட்டி வச்சிருந்தது நீங்கள்தானோ மச்சான்?” என்று கேட்டார். கொன்ஸ்ரன்ரைன் ஓம் என்றார். யாகப்பர் ஏதாவது திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். அவர் திட்டவில்லை, வலைக்குத் திரும்பிப் போய்விட்டார்.

கொன்ஸ்ரன்ரைன் மணலில் நின்றார். இனி என்ன, செலீனாவிடம் எப்படிச் சொல்வது, எதைச் சாப்பிடுவது என்று ஒவ்வொரு பயமாக வந்து வரிசையில் நின்றது. உண்மையைச் சொன்னால் பயம் போய்விடும் என்று சுவாமிமார் பிரசங்கத்தில் சொல்வதுண்டு. அவருக்கு ஒன்றும் போகவில்லை. முஹைதீன் கையில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார்.

“ஐயா, நான் ஒண்டு சொன்னாக் கோவிக்க மாட்டீங்களே?”

“சொல்லுங்கோ நானா” என்றார், முஸ்லிம் அண்ணனைக் கூப்பிடும் முறையில்.

“அண்டைக்கு நீங்க சைக்கிள்ல வந்து கேட்ட நேரமே எனக்குத் தெரியும், கேள்வி பிழையெண்டு. இண்டைக்கு எங்கட பாடு, திங்கக்கிழமை வங்காலையாரிட பாடு எண்டு சொல்லத்தான் வாயைத் திறந்தன்.”

கொன்ஸ்ரன்ரைனுக்கு அந்தத் திறந்து மூடிய வாய் ஞாபகம் வந்தது. “அப்ப ஏன் நானா சொல்லேல்லை?”

முஹைதீன் கொஞ்சம் வெட்கப்பட்டார். “எப்பிடிச் சொல்றது? தொப்பி போட்டிருந்தீங்க. கையில பெரிய புத்தகம். பிழை எண்டு சொன்னாப் பிடிச்சு மறியல்ல போட்டிருவீங்களோ எண்டு நினைச்சன். உங்களைப் பாக்க எனக்குச் சரியான பயம் ஐயா.”

கொன்ஸ்ரன்ரைன், யாரைச் சொல்கிறார் என்று தன்னையறியாமல் திரும்பிப் பின்னால் பார்த்தார். பின்னால் யாரும் இல்லை.